சாவியோடு வரும் பொறுப்பு

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்கும் இந்தியர்கள் காரில் விழக்கூடிய கீறலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தக் கார் யார் மீதாவது மோதினால் இழப்பீட்டை யார் தருவது என்று கவுண்டரில் அநேகமாக யாரும் கேட்பதில்லை.

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்திருக்கிறது ஸ்ரீவராகம். பல தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் தெருக்கள் இங்கே உண்டு. விமான நிலையம் ஆட்டோவில் போகிற தூரம். கோடை தொடங்கிவிட்டால் இந்தத் தெருக்களில் சில வீடுகளின் கேட்டில் பூட்டு தொங்கும். மகனோ மகளோ கலிஃபோர்னியாவிலோ டெக்ஸாஸிலோ இருப்பார்கள். பெற்றோர் ஆறு மாதத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். ஊறுகாய் பாட்டில் எத்தனை கிலோ, ரத்த அழுத்த மாத்திரை எத்தனை அட்டை என்பதிலெல்லாம் இவர்கள் காட்டும் கவனம் அசாத்தியமானது. மருத்துவக் காப்பீடு எடுக்காமல் யாரும் விமானம் ஏறுவதில்லை. அங்கே போய் நான்கு நாள் ஊர் சுற்ற எடுக்கும் வாடகைக் கார் விஷயத்தில் மட்டும் இந்தக் கவனம் மாயமாகிவிடுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவருக்கு இப்படிப்பட்ட தெருவில் ஒரு கூடுதல் வேலை உண்டு. எந்த ஆங்கிலக் காகிதம் வந்தாலும் முதலில் கதவு தட்டப்படுவது அவர் வீட்டில்தான். சென்ற ஆண்டு பக்கத்துத் தெரு மாமா ஒருவர், மகன் அனுப்பியிருந்த கார் வாடகை ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார். “ஃபுல் கவர்னு போட்டிருக்கான். இருந்தாலும் சித்த பார்த்துச் சொல்லேன்” என்றார். பார்த்ததில், ‘ஃபுல் கவர்’ என்று அவர் நினைத்திருந்தது ‘கொலிஷன் டேமேஜ் வெய்வர்’. இந்தச் சொற்றொடரைத் தமிழில் சொல்ல முயன்றால்தான் அதன் சூட்சுமம் புரிகிறது. வெய்வர் என்றால் விட்டுக்கொடுத்தல். காருக்குச் சேதம் ஏற்பட்டால் அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கமாட்டோம் என்று கார் நிறுவனம் தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறது. அவ்வளவுதான். கண்டிப்பாகப் பார்த்தால் அது காப்பீடே அல்ல. கார் போய் ஒரு மனிதர் மீது மோதினால் அவருடைய மருத்துவமனைச் செலவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

“அப்போ அடிபட்டவனுக்கு யார் கொடுக்கிறது, மாமா?” என்று கேட்டதற்கு அவர் சற்று யோசித்துவிட்டு, “இன்ஷூரன்ஸ்காரன்தான் கொடுப்பான், வேற யாரு?” என்றார்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் கார் ஓட்டிப் பழகியவருக்கு அப்படித்தான் தோன்றும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக்கூடாது. (முதல் தரப்பு வண்டிக்காரர், இரண்டாம் தரப்பு காப்பீட்டு நிறுவனம். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலேயே அதன் பலனுக்கு உரியவராகிறவர் மூன்றாம் தரப்பு. சாலையில் நடந்து போகும் எவரும் மூன்றாம் தரப்புதான்.) இந்தியாவில் விற்கப்படும் கார் பாலிசிகளில், உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் நிறுவனம் தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. இறந்தவரின் வயது, வருமானம், எதிர்கால வாய்ப்பு, அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் நிறுவனம் கட்டவேண்டும். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒழுங்குபடுத்தியது. பொருள் சேதத்துக்கு மட்டும் கார் பாலிசிகளில் வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் என்று வரம்பு வைக்கிறார்கள்.

இதற்கான பிரீமியம் சொற்பம். 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். ஒரு குடும்பம் ஓட்டலில் இரண்டு முறை சாப்பிடும் காசு. அதற்கு எல்லையற்ற பொறுப்பை ஏற்கும் காப்பீடு கிடைக்கிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் அது செல்லும். நம் சாலைகளைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் தாராளமானது. தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது வேறு கதை.

ஆனால் இந்தத் தாராளம் நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. இந்தியாவில் எடுத்த மோட்டார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவுகள் ஆகிய நாடுகளுக்கு நீட்டிக்கலாம். அதுவும் உங்கள் சொந்த வண்டிக்குத்தான். வெளிநாட்டில் வாடகைக்கு எடுக்கும் காருக்கும் ஊரில் ஷெட்டில் நிற்கும் காரின் பாலிசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அமெரிக்காவில் காப்பீட்டுச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு. எங்கும் குறைந்தபட்ச வரம்புதான் நிர்ணயிக்கப்படுகிறது. கலிஃபோர்னியாவில் 2024 முடியும்வரை அந்த வரம்பு, காயமடைந்த ஒருவருக்கு 15,000 டாலர், ஒரு விபத்தில் எத்தனை பேர் அடிபட்டாலும் மொத்தம் 30,000 டாலர், பொருள் சேதத்துக்கு 5,000 டாலர். 1960களில் வைத்த தொகை. கார் விலையும் மருத்துவக் கட்டணமும் எங்கேயோ போய்விட்ட பிறகும் அது அசையவில்லை. 2025 ஜனவரி முதல் தேதி முதல் முறையே 30,000, 60,000, 15,000 டாலராக உயர்த்தப்பட்டது. நம் கணக்கில் 30,000 டாலர் என்பது 25 லட்சம் ரூபாய்க்கு மேல். கேட்க நிறைய. ஆனால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சையும் தீவிர சிகிச்சையும் தேவைப்படும் ஒருவருக்கு அமெரிக்க மருத்துவமனை அனுப்பும் பில்லில் அது சில நாட்களிலேயே கரைந்துவிடும். ஃப்ளோரிடா இன்னும் விசித்திரம். அங்கே சாதாரண கார் உரிமையாளர் ஒருவர், தான் மோதியவரின் உடல் காயத்துக்கென்று பொறுப்புக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. தன் காயத்துக்கு 10,000 டாலர், பிறர் பொருளுக்கு 10,000 டாலர் என்பதோடு சரி.

வாடகைக் கார் நிறுவனம் பெரியது, பணக்கார நிறுவனம், காரும் அதனுடையது. அடிபட்டவர் அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போடமாட்டாரா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் போட்டார்கள். நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஓட்டியவர் செய்த தவறுக்கு காரின் சொந்தக்காரரான நிறுவனமும் வரம்பின்றிப் பொறுப்பாக்கப்பட்டது. இதை மாற்றியது 2005 ஆகஸ்டில் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் செருகப்பட்ட ஒரு பிரிவு. மிசௌரி மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான சாம் கிரேவ்ஸ் கொண்டுவந்ததால் அதற்கு ‘கிரேவ்ஸ் திருத்தம்’ என்று பெயர். வாடகை நிறுவனத்தின் சொந்த அஜாக்கிரதையோ குற்றமோ இல்லாதவரை, காருக்குச் சொந்தக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது அது. ஃப்ளோரிடாவில் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் பழைய கோட்பாடு வலுவாக வேரூன்றியிருந்தது. அங்கேயும் வாடகைக் கார்களைப் பொறுத்தவரை கூட்டாட்சிச் சட்டமே மேலோங்கும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. மாநிலம் விதித்த குறைந்தபட்சக் காப்பீட்டைத் தரும் கடமை மட்டும் நிறுவனங்களுக்குப் பொதுவாக மிஞ்சியிருக்கிறது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டாலரும் சாவியை வாங்கியவரின் தலையில்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘சப்ளிமென்டல் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ்’ என்ற பெயரில் கவுண்டரில் ஒன்றை விற்கிறார்கள். வழக்கமாக 10 லட்சம் டாலர் வரை பொறுப்பை ஏற்கும். நிறுவனத்தையும் மாநிலத்தையும் பொறுத்து நாளொன்றுக்குச் சுமார் பத்து, இருபது டாலர் கேட்பார்கள். கவுண்டர் ஊழியர் ஒரே மூச்சில் நான்கைந்து சமாசாரங்களைச் சொல்லுவார்: டேமேஜ் வெய்வர், லயபிலிட்டி, சாமான்களுக்குக் காப்பீடு, வழியில் பழுதானால் உதவி, பெட்ரோல். பத்தொன்பது மணி நேரம் பறந்து வந்தவர் எல்லாவற்றையும் ‘இவன் நம் தலையில் கட்டப் பார்க்கிறான்’ என்ற ஒரே சந்தேகத்தோடு பார்ப்பார். சந்தேகம் நியாயமானதுதான். அந்த வரிசையில் பலவற்றை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சேதத்துக்கான வெய்வரை வாங்கிக்கொண்டு லயபிலிட்டியை மறுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கார் முழுதாக நாசமானாலும் நஷ்டம் அந்தக் காரின் விலையோடு முடிந்துவிடும். மனிதர் மீது மோதிய நஷ்டத்துக்கு அப்படியொரு முடிவு கிடையாது.

அமெரிக்காவில் சொந்தக் கார் வைத்திருக்கும் மகன் இதை மறுத்தால் அதில் தவறில்லை. அவருடைய சொந்தக் காரின் பாலிசியில் உள்ள பொறுப்புக் காப்பீடு அந்நாட்டில் எடுக்கும் வாடகைக் காருக்கும் பொதுவாக நீளும். (அந்த பாலிசியிலும் மாநிலக் குறைந்தபட்சத்தை மட்டும் எடுத்துவைத்திருந்தால் பயன் குறைவு.) மாட்டிக்கொள்வது வேறு இரு சாராரே. ஒருவர், சுற்றிப் பார்க்கப் போன அப்பா. ‘எனக்கும் லைசென்ஸ் இருக்கிறதே, அரை மணி நேரம் நான் ஓட்டுகிறேன்’ என்று வாங்கி ஓட்டுவார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டிருக்காது. பெயர் இல்லாதவர் ஓட்டினால், கவுண்டரில் வாங்கிய வெய்வர், லயபிலிட்டி எல்லாம் ஒரே வரியில் ரத்தாகிவிடும்.

இன்னொரு சாரார் மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் முதுகலைப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் சொந்தக் கார் இருக்காது. ஆகவே பாலிசியும் இருக்காது. நீண்ட விடுமுறை வந்தால் ஐந்து பேர் பணம் போட்டு ஒரு காரை எடுத்துக்கொண்டு நயாகராவுக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ கிளம்புவார்கள். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடுதல் வாடகை என்பதால் ஏற்கனவே செலவு கையைக் கடிக்கும். தினமும் இருபது டாலரை மிச்சம் பிடிக்க லயபிலிட்டியைத்தான் வெட்டுவார்கள். இரவெல்லாம் மாறி மாறி ஓட்டுவார்கள். கல்விக் கடனுக்கு ஊரில் அப்பாவின் வீடு அடமானத்தில் இருக்கும்.

வேறு எதுவும் காப்பாற்றாதா? கிரெடிட் கார்டு தருவது பெரும்பாலும் கார் சேதத்துக்கான காப்பு மட்டுமே. மூன்றாம் தரப்பை அது தொடுவதில்லை. இந்தியாவில் வாங்கும் பயணக் காப்பீட்டில் ‘பெர்சனல் லயபிலிட்டி’ என்று ஒரு தலைப்பும் அதற்கெதிரே கணிசமான தொகையும் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியடைபவர்கள் சில பக்கங்கள் தள்ளி விலக்குகளின் பட்டியலைப் படிக்கவேண்டும். மோட்டார் வாகனத்தை ஓட்டுவதால் ஏற்படும் பொறுப்பு அதில் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். ஓட்டலில் கை தவறிக் கண்ணாடியை உடைத்தால் உதவும். காருக்கு உதவாது.

ஐரோப்பாவில் இந்தக் கவலை கணிசமாகக் குறைவு. பிரிட்டனில் உடல் காயத்துக்கான கட்டாயக் காப்பீட்டுக்கு வரம்பே இல்லை. ஜெர்மனியில் உடல் காயத்துக்குக் குறைந்தபட்சமே 75 லட்சம் யூரோ. வாடகையிலேயே அது அடங்கிவிடும். எல்லை தாண்டிப் போகும் வண்டிகளுக்காக ‘கிரீன் கார்டு’ என்ற ஏற்பாட்டை ஐரோப்பிய நாடுகள் 1953இலேயே தொடங்கிவிட்டன. அங்கே கவுண்டரில் விற்பது காரின் சேதத்தில் உங்கள் பங்கைக் குறைக்கும் சமாசாரம்தான். நியூஸிலாந்து வேறொரு துருவம். 1974 முதல், விபத்தில் காயமடைந்தவர் யாராயிருந்தாலும், தவறு யாருடையதாயிருந்தாலும், அரசு நிதியே சிகிச்சை தருகிறது. சுற்றுலாப் பயணிக்கும் உண்டு. அதற்குப் பதிலாக, காயத்துக்கு இழப்பீடு கேட்டு ஓட்டியவர் மீது வழக்குத் தொடரும் உரிமை எடுக்கப்பட்டுவிட்டது.

கேரளத்துக்காரர்கள் அதிகம் போகும் வளைகுடாவில் வேறு மாதிரி எச்சரிக்கை தேவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் சின்ன உரசலுக்கும் போலீஸ் அறிக்கை வேண்டும். அது இல்லாமல் காப்பீட்டு நிறுவனமும் அசையாது, ஒர்க்‌ஷாப்பும் கை வைக்காது. விபத்தில் உயிர் போனால் ‘தியா’ எனப்படும் இரத்தப்பணம் உண்டு. வழக்கமாக அதைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். ஓட்டியவர் குடித்திருந்தால் கட்டிய பணத்தை அவரிடமே திரும்ப வசூலிக்கும். துபாயில் எடுத்த காரை ஓமனுக்கு ஓட்டிப்போக வாடகை நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் ஓமனில் செல்லுபடியாகும் காப்பீடும் தேவை. அமெரிக்காவில் எடுத்த காரை மெக்ஸிகோவுக்குள் கொண்டுபோவதும் அப்படித்தான். அங்கே அமெரிக்க பாலிசி எடுபடாது.

‘விமானம் ஏறி ஊர் வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்’ என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. இதற்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவைப் பார்க்கவேண்டும். இந்திய அரசு அறிவிக்கை செய்திருக்கும் நாடுகளின் மேல்நிலை நீதிமன்றங்கள் தந்த பணத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதன் சொந்தத் தீர்ப்பைப் போல, நிறைவேற்றிக்கொள்ளலாம். பிரிட்டன், சிங்கப்பூர், நியூஸிலாந்து ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளவை. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்க்கப்பட்டது. துபாய் சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பு இப்போது வஞ்சியூர் நீதிமன்றம் வழியாகவே வீட்டு வாசலுக்கு வரமுடியும். அமெரிக்கா பட்டியலில் இல்லை. அந்நாட்டுத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போடவேண்டும், அதற்கு மூன்றாண்டு கெடு. ஊர் திரும்பிய பெற்றோருக்கு இது ஓரளவு ஆறுதல் தரலாம். அங்கேயே சம்பாதித்து, அங்கேயே வீடு வாங்கி வாழும் பிள்ளைக்கு எந்த ஆறுதலும் இல்லை.

இனி, பூட்டிய வீட்டின் ஷெட்டில் நிற்கும் கார். பெற்றோர் ஆறு மாதம் அமெரிக்காவில் இருக்கும்போது கார் சும்மா நின்று பேட்டரி போகும். ‘தெரிந்த பையன்கள்தான், வாடகைக்குக் கொடுங்கள், வண்டியும் ஓடினமாதிரி இருக்கும்’ என்று யாராவது வருவார்கள். கேரளம் முழுவதும் இந்த வெள்ளை நம்பர்பிளேட் வாடகை பரவலாக நடக்கிறது. கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் வரும் வெளிநாட்டவருக்கு ஸ்கூட்டரும் காரும் இப்படிக் கைமாறுவது உண்டு.

சட்டப்படி, ஓட்டுநர் இல்லாமல் காரை வாடகைக்கு விட 1989ஆம் ஆண்டின் ‘ரென்ட் ஏ கேப்’ திட்டத்தில் உரிமம் வேண்டும். அதற்குக் குறைந்தது 50 கார்கள் வைத்திருக்கவேண்டும். அந்தக் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் இருக்கும். இருசக்கர வண்டிகளுக்கு 1997இல் தனித் திட்டம் வந்தது. வெள்ளைப் பலகைக் கார் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அதை வாடகைக்குப் பயன்படுத்தினால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று வாதாட காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டத்தின் 150ஆம் பிரிவு இடம் தருகிறது.

2024 டிசம்பர் 2ஆம் தேதி இரவு ஆலப்புழை அருகே களர்கோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பதினொரு பேர் சென்ற கார், கேரள அரசுப் பேருந்தோடு மோதியது. அன்றிரவு ஐந்து பேரும் சில நாள் கழித்து இன்னொருவருமாக ஆறு பேர் இறந்தார்கள். அந்த வாகனம் தனியார் ஒருவருடையது, முறையான உரிமம் இன்றி வாடகைக்குத் தரப்பட்டது என்று மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது. அதன்பின் மாநிலப் போக்குவரத்துத் துறை வெள்ளைப் பலகை வாடகைக்கு எதிராகப் பகிரங்கமாக எச்சரித்தது.

இத்தகைய வழக்குகளில் இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் கையாளும் வழி, ‘முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள்’ என்பது. லைசென்ஸ் பிரச்சினை தொடர்பான ஸ்வரண் சிங் வழக்கில் 2004இலும், பெர்மிட் இல்லாத வண்டி தொடர்பான அம்ரித் பால் சிங் வழக்கில் 2018இலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அடிபட்டவரின் குடும்பம் அலையவேண்டாம், காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிடும். பிறகு அந்தத் தொகை முழுவதையும் உரிமையாளரிடம் கேட்கும். உரிமையாளர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்று நவீன் குமார் வழக்கில் அதே 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அமெரிக்கச் சட்டம் காரின் சொந்தக்காரரை விடுவித்துச் சாவி வைத்திருப்பவரைப் பிடிக்கிறது. நம் சட்டம் சொந்தக்காரரை விடுவதே இல்லை, அவர் அப்போது பூமியின் மறுபக்கத்தில் பேரனோடு பூங்காவில் இருந்தாலும்.

மாமா கிளம்புவதற்கு முன் இரண்டு காரியம் செய்தார். மகனை ஃபோனில் அழைத்து, வாடகை ஒப்பந்தத்தில் லயபிலிட்டியைச் சேர்க்கச் சொன்னார், தன் பெயரை ஓட்டுநராகச் சேர்க்கவேண்டாம் என்றும் சொன்னார். பிறகு கார் சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினை ஓடவிடும்படி கேட்டுக்கொண்டார். “வெளியில எடுக்க வேண்டாம். ஷெட்டுக்குள்ளேயே போதும்” என்றார்.